சில்லரை வர்த்தகம்: சாலையோரத்திற்குத் தள்ளப்படும் உழைப்பு

2026 ஜனவரியில், ஒன்றிய தொழிலாளர் துறை அமைச்சர் விரைவு வர்த்தக நிறுவனங்களின் நிர்வாகிகளோடு பேசியதைத் தொடர்ந்து, பிளிங்கிட் நிறுவனம் ‘பத்து நிமிடம்’ என்ற வாசகத்தைத் தன் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டது. இது அமைச்சருக்குத் திடீரென்று பிறந்த இரக்கத்தின் விளைவு அல்ல. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாள்களில், நாட்டின் பல நகரங்களில் பொருள் விநியோகத் தொழிலாளர்கள் தம் கைப்பேசிச் செயலிகளை அணைத்து வேலைநிறுத்தம் செய்தனர். அந்த நாள்களில் நிறுவனங்கள் ஊக்கத்தொகையைக் கூட்டிக் கொடுத்து வேலைநிறுத்தத்தை நீர்த்துப்போகச் செய்ய முயன்றன. எனினும் தொழிலாளர் எழுப்பிய கேள்வியை நாடு கேட்டது. வாசகம் அகன்றதில் அவர்களுடைய போராட்டத்திற்குப் பங்கு உண்டு. அதை நாம் வரவேற்க வேண்டும்.

ஆனால் வாசகம் போனதே தவிர ஏற்பாடு போகவில்லை. குடியிருப்புகளுக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் வைக்கப்பட்டுள்ள கிடங்குகள் அங்கேயே இருக்கின்றன. ஒரு பொட்டலத்திற்கு இத்தனை ரூபாய் என்ற கூலி முறை அப்படியே இருக்கிறது. அடுத்த பொட்டலம் யாருக்கு என்பதைச் செயலிதான் முடிவு செய்கிறது. வேகமாகப் போனால்தான் அன்றைய வருமானம் என்ற நிலையில் உள்ள தொழிலாளிக்கு, விளம்பரப் பலகையில் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் வண்டியின் வேகம் குறையப்போவதில்லை. ஆகவே கேள்வியை வாசகத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. சில்லரை வர்த்தகம் என்னும் பெரும் துறை இன்று எந்தத் திசையில் மாற்றி அமைக்கப்படுகிறது, அந்த மாற்றத்தின் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்காவில் தோன்றிய வழி

கடைக்குள் நுழையாமலேயே பொருள் வாங்கும் முறை முதலில் பரவியது முன்னேறிய முதலாளித்துவ நாடுகளில். இணையத்தில் பட்டியலை அனுப்பிவிட்டு, காரில் வந்து, கடை வாசலில் சாலையோரமாகவோ வாகன நிறுத்தத்திலோ நின்று, ஊழியர் கொண்டுவந்து தரும் பைகளைப் பெற்றுச் செல்வது அங்கே ‘கர்ப்சைடு பிக்அப்’ எனப்படுகிறது. பிரான்சில் 2000ஆம் ஆண்டுகளிலேயே பெரும் சங்கிலிக் கடைகள் இதைத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் இது பெருவெள்ளமாக மாறியது 2020இல், கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில். அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் டார்கெட் நிறுவனத்தின் இத்தகைய சேவை முந்தைய ஆண்டைக் காட்டிலும் 700 சதவீதத்திற்கு மேல் வளர்ந்தது. வால்மார்ட்டின் அமெரிக்க இணைய விற்பனை ஏறக்குறைய அதே காலத்தில் 97 சதவீதம் உயர்ந்தது. தொற்று தணிந்த பின்னும் அந்த வழக்கம் மறையவில்லை.

இதில் நிறுவனங்களுக்கு என்ன ஆதாயம்? சில்லரை வர்த்தகத்தின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால் அது புரியும். ஒரு காலத்தில் வாடிக்கையாளர் கல்லாவுக்கு முன் நின்று கேட்பார். கடை ஊழியர் எடுத்து, நிறுத்து, கட்டித் தருவார். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடை, வாடிக்கையாளரே கூடையை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே சென்று பொருள்களை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஊழியரின் வேலை கூலியில்லாமல் வாடிக்கையாளரின் தலைக்கு மாறியது. நிறுவனத்தின் கூலிச் செலவு குறைந்தது. இன்று உலகெங்கும் உள்ள பேரங்காடிகள் இந்த அடித்தளத்தின் மீதே எழுந்தவை.

வாகன நிறுத்தத்தில் பொருளைப் பெறும் முறை வந்தபோது, அலமாரியிலிருந்து எடுக்கும் வேலை மறுபடியும் கூலித் தொழிலாளியிடம் வந்து சேர்ந்தது. ஆனால் பழைய கடை ஊழியராக அவர் திரும்பவில்லை. அவர் கையில் ஒரு கருவி இருக்கிறது. எந்த அலமாரி, எந்தப் பொருள், எத்தனை விநாடி என்று அது கணக்கிடுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவையோ வாடிக்கையாளரின் காரும் பெட்ரோலும் நேரமும் ஏற்றுக்கொள்கின்றன. நிறுவனங்களுக்கு மிக அதிகச் செலவு பிடிக்கும் கடைசிக் கட்டப் பயணம் அவற்றின் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதே இல்லை. நுகர்வோரின் வசதி என்ற பெயரில் விற்கப்படுவதன் உள்ளே இருப்பது இந்தக் கணக்குதான்.

இந்தியாவில் அதன் உருமாற்றம்

இதே முறை இந்தியாவிற்கு அப்படியே வந்துவிட முடியாது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் எட்டுக் குடும்பங்களிடம் மட்டுமே கார் உள்ளது. காரில் வந்து வாசலில் நின்று பை வாங்கிச் செல்லும் சந்தை இங்கு மிகச் சிறியது. ஆனால் மூலதனத்திற்கு இங்கே வேறொன்று மலிவாகக் கிடைக்கிறது. இரு சக்கர வாகனமும் கைப்பேசியும் வைத்திருந்து, படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் அலையும் லட்சக்கணக்கான இளைஞர்கள் இருக்கிறார்கள். கொல்கத்தாவிலும் தில்லியிலும் பெங்களூருவிலும் சாலையோரத்தில் வந்து நின்று பொருளைப் பெற்றுக்கொள்பவர் வாடிக்கையாளர் அல்லர், இந்த இளைஞர்தான். வண்டி அவருடையது. பெட்ரோல், பழுது, காப்பீட்டுச் செலவு அவருடையது. விபத்து நேர்ந்தால் அதுவும் அவருடையதே. அமெரிக்காவில் வாடிக்கையாளரின் மீது ஏற்றப்பட்ட சுமை இந்தியாவில் வேலையற்ற இளைஞரின் தோளில் ஏற்றப்பட்டுள்ளது.

இதற்கான கடைகளை ‘டார்க் ஸ்டோர்’ என்கிறார்கள். வெளியே பெயர்ப்பலகை இருக்கலாம். வாடிக்கையாளர் உள்ளே போக முடியாது. குடியிருப்புப் பகுதியின் ஒரு கட்டடத்தில் அலமாரிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே, கருவி காட்டும் வரிசைப்படி பொருளை ஓடி எடுத்துப் பையில் போடுபவர்கள் இருப்பார்கள். வெளியே நடைபாதையில், அடுத்த அழைப்பிற்காக வண்டியின் மீது சாய்ந்து காத்திருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களில் பலருக்குக் கழிப்பறை, குடிநீர், நிழல் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. காத்திருக்கும் நேரத்திற்குக் கூலி இல்லை. 2025 ஜூனில் மும்பையின் தாராவியில் இத்தகைய கிடங்கு ஒன்றின் உணவு உரிமத்தை, சுகாதாரக் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டி மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நிறுத்திவைத்தது. வாடிக்கையாளரின் கண்ணுக்கு மறைந்த கடையில் என்ன நடக்கிறது என்பதை அரசு அலுவலர் போய்ப் பார்க்கும் வரை எவரும் அறிய வழியில்லை.

இந்தத் துறையின் வேகம் குறைத்து மதிப்பிடத் தக்கது அல்ல. 2020இல் ஸ்விகி நிறுவனம் இன்ஸ்டாமார்ட்டைத் தொடங்கியது. 2021இல் ஜெப்டோ வந்தது. அதே ஆண்டின் இறுதியில் குரோஃபர்ஸ் என்ற நிறுவனம் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2022இல் சொமேட்டோ அதனை விலைக்கு வாங்கியது. 2024 இறுதிக்குள் பிளிங்கிட் கிடங்குகளின் எண்ணிக்கை மட்டும் ஆயிரத்தைக் கடந்தது. 2025 டிசம்பருக்குள் இரண்டாயிரம் என்பது அந்நிறுவனம் அறிவித்த இலக்கு. இப்போது வால்மார்ட்டின் கையில் உள்ள பிளிப்கார்ட்டும் அமேசானும் இதே போட்டியில் இறங்கியுள்ளன.

நட்டத்தில் விற்பவர்கள்

இந்த நிறுவனங்களில் பல ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் இயங்கின. நட்டத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் எத்தனை மாதம் கடை நடத்த முடியும்? ஆறு மாதத்தில் கதவைச் சாத்திவிடுவார். இவர்களால் நடத்த முடிகிறது என்றால், பின்னால் பன்னாட்டு நிதி மூலதனம் நிற்கிறது. அது வேண்டுவது இன்றைய இலாபம் அல்ல. போட்டியாளர்கள் அழிந்த பிறகு கிடைக்கப்போகும் சந்தை ஆதிக்கம்.

2025 அக்டோபரில் ஜெப்டோ நிறுவனம் 45 கோடி டாலர் திரட்டியது. அந்தச் சுற்றுக்குத் தலைமை தாங்கியது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியம். அந்த ஊழியர்கள் சங்கம் வைத்துப் போராடிப் பெற்ற உரிமை ஓய்வூதியம். அவர்களுடைய முதுமைக்காகச் சேர்த்த பணம், ஓய்வூதியமோ வருங்கால வைப்புநிதியோ இல்லாத இந்திய இளைஞரின் ஓட்டத்திலிருந்து இலாபம் தேடி இங்கே வருகிறது. இதில் கலிபோர்னியத் தொழிலாளியைக் குறைகூற ஒன்றுமில்லை. நிதி மூலதனம் உலகத் தொழிலாளர்களை ஒருவருக்கொருவர் அறியாமலேயே எதிரெதிராக நிறுத்தும் விதம் இதுதான்.

நிறுவனங்கள் நேரத்தை இவ்வளவு துரத்துவதற்கும் காரணம் உண்டு. உற்பத்தியான சரக்கு விற்றுப் பணமாகும் வரை மூலதனம் முடங்கிக் கிடக்கிறது. அந்தக் காலத்தைச் சுருக்கினால் அதே மூலதனம் ஓராண்டில் அதிக முறை சுற்றி வரும். மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் தொகுதியில் மூலதனத்தின் சுற்றோட்டத்தை விரிவாக ஆராய்ந்தவர். சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் உழைப்பு, சுற்றோட்டத்திற்குள் தொடரும் உற்பத்தியே என்றும், அது சரக்கின் மதிப்பைக் கூட்டுகிறது என்றும் அவர் அங்கே விளக்கினார். பொட்டலத்தைச் சுமந்து மாடிப்படி ஏறும் தொழிலாளி வெறும் ‘சேவை’ செய்பவர் அல்லர். அவர் உழைப்பு மதிப்பைப் படைக்கிறது. அதன் பெரும்பகுதி வேறு எங்கோ போய்ச் சேர்கிறது.

பின்கதவு வழியே

சில்லரை வர்த்தகத்தில் அந்நிய மூலதனம் நுழைந்த கதை நெடியது. 2012 செப்டம்பரில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசாங்கம் பல்பொருள் சில்லரை வர்த்தகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டை அனுமதித்தது. அதை எதிர்த்து அந்த மாதம் 20ஆம் நாள் நாடு தழுவிய முழு அடைப்பு நடைபெற்றது. இடதுசாரிக் கட்சிகள் அதில் முன்னின்றன. அன்று பாஜகவும் அந்த முடிவை எதிர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வாக்கெடுப்பு நடந்தது. அரசாங்கம் தப்பிப் பிழைத்தது.

ஆட்சிக்கு வந்த பிறகு பாஜக முன்வாசலை மூடி வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டது. இணைய வர்த்தகத்தில், விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் ‘சந்தைத்தள’ நிறுவனங்களுக்கு 100 சதவீத அந்நிய முதலீடு அனுமதிக்கப்பட்டது. சரக்கைத் தானே வாங்கி வைத்து விற்கும் நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை என்பது விதி. 2018இல் வெளியிடப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அறிவிக்கை இந்த விதியை மேலும் கடுமையாக்கியதாகக் கூறப்பட்டது. நடைமுறையில், தமக்கு நெருக்கமான சில விற்பனையாளர்கள் மூலம் பெரு நிறுவனங்கள் சரக்கையும் விலையையும் கட்டுப்படுத்துகின்றன என்ற புகார் ஓயவில்லை. அமேசானும் பிளிப்கார்ட்டும் குறிப்பிட்ட விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டிப் போட்டிச் சட்டத்தை மீறியதாக இந்தியப் போட்டி ஆணையத்தின் விசாரணைப் பிரிவே 2024இல் முடிவுக்கு வந்தது.

அதே 2024 ஆகஸ்டில் ஒன்றிய வர்த்தகத் துறை அமைச்சர், அமேசான் இந்தியாவில் கொட்டும் முதலீடு நட்டத்தை ஈடுகட்டவே வருகிறது என்றும், அது அழிவுகர விலைக்குறைப்பைக் காட்டுகிறது என்றும் பொதுமேடையில் பேசினார். சரியான பேச்சுதான். ஆனால் பேசியவர் எதிர்க்கட்சி உறுப்பினர் அல்லர். கொள்கையை வகுக்கும் துறையின் அமைச்சர். பேச்சு நிலைமையை மாற்றிவிடவில்லை. மாறாக, சொமேட்டோவின் தாய் நிறுவனமான எடர்னல், 2025இல் அந்நியப் பங்குடைமைக்கு 49.5 சதவீத உச்சவரம்பு விதித்து ‘இந்திய உடைமை நிறுவனம்’ என்னும் தகுதிக்கு மாறியது. இனி அது சட்டப்படியே சரக்கை வாங்கிக் கிடங்கில் வைத்து விற்கலாம். ஏறக்குறைய பாதி அந்நிய மூலதனம் உள்ளேயே இருக்கும். விதியும் மீறப்பட்டதாக ஆகாது.

உள்நாட்டுப் பெருமூலதனமும் இதில் பின்தங்கவில்லை. ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், பேஸ்புக் நிறுவனம் 43,574 கோடி ரூபாய்க்கு ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் பங்குகளை வாங்கியது. அவ்வாண்டிலேயே ரிலையன்ஸ் சில்லரை வர்த்தகப் பிரிவின் ஏறக்குறைய பத்து சதவீதப் பங்குகளைப் பன்னாட்டு நிதி நிறுவனங்கள் வாங்கின. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் மூன்று வேளாண் சட்டங்கள் நிறைவேற்றப்பட்டன. வயலில் கொள்முதல், நடுவில் கிடங்கு, நகரத்தில் விற்பனை என முழுச் சங்கிலியையும் கைப்பற்ற விரும்பிய மூலதனத்திற்கு அவை தேவைப்பட்டன. விவசாயிகளின் ஓராண்டுக்கும் மேலான போராட்டம் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை அறுத்தது. கடைசிக் கண்ணி இன்னும் அறுபடவில்லை.

மளிகைக் கடையும் நடைபாதையும்

இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மளிகைக் கடைகள் உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. பணமதிப்பு நீக்கமும், அவசரமாகப் புகுத்தப்பட்ட ஜிஎஸ்டியும், ஊரடங்கும் ஒன்றன்பின் ஒன்றாக இவற்றின் மீது விழுந்தன. இப்போது விரைவு வர்த்தகம். முந்தைய ஓராண்டில் சுமார் இரண்டு லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2024இல் தெரிவித்தது. அது ஒரு வணிகர் அமைப்பு தரும் கணக்கு என்பதை மனத்தில் கொள்ளலாம். இக்கணக்கைச் சரிபார்த்து வெளியிட வேண்டிய பொறுப்பு அரசாங்கத்தினுடையது. பாதிப்பே இல்லை என்று வாதிடுவோர் அதற்கான கணக்கெடுப்பை ஏன் நடத்துவதில்லை?

சிறு வணிகரைப் புனிதராக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அங்கும் காலை ஆறு மணிக்கு வந்து இரவு பத்து மணி வரை நிற்கும் பையன்கள் உண்டு. வாரவிடுமுறை இல்லை, குறைந்தபட்சக் கூலி இல்லை. எடை குறைத்தலும் கலப்படமும் தெரியாத சங்கதிகள் அல்ல. இவற்றை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் போராடியே வந்துள்ளன. இருந்தும், தெருமுனைக் கடை ஏழைக் குடும்பத்திற்கு ஆற்றும் பணியை எந்தச் செயலியும் ஆற்றுவதில்லை. சம்பளம் வராத மாதத்தில் நோட்டில் பற்று எழுதிக்கொண்டு அரிசி தருபவர் அந்தக் கடைக்காரர். பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்கு மிளகாய் என்று பிரித்துத் தருபவரும் அவரே. செயலிக்கு அந்தக் கணக்கு தெரியாது. அது கடன் தரும்போது பின்னால் ஒரு நிதி நிறுவனமும், தாமதத்திற்கு ஒரு கட்டணமும் வருகின்றன. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முடக்கப்பட்டபோது, தெருக்களுக்கு உணவுப் பொருள் கொடுத்தவற்றுள் முதன்மையானவை இந்தச் சிறு கடைகளே.

நடைபாதை வியாபாரிகளின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்காக 2014இல் ஒரு நல்ல சட்டம் இயற்றப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, விற்பனைச் சான்றிதழ், நாற்பது சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளைக் கொண்ட நகர விற்பனைக் குழு, இயல்பாக உருவான சந்தைகளுக்குப் பாதுகாப்பு என அதன் விதிகள் தெளிவானவை. பல நகரங்களில் அவை ஏட்டளவில் நிற்கின்றன. காய்கறித் தள்ளுவண்டி போக்குவரத்திற்கு இடையூறு என்று அப்புறப்படுத்தப்படுகிறது. அதே தெருவில், கிடங்கின் வாசலில் ஐம்பது இரு சக்கர வாகனங்கள் நிற்பது வளர்ச்சியின் அடையாளம் ஆகிவிடுகிறது. சாலையோரம் பொதுச்சொத்து. அதில் ஏழைப் பெண் கூடை வைத்தால் ஆக்கிரமிப்பு. நிறுவனம் அதைத் தன் இலவசக் காத்திருப்பு அறையாக்கினால் தொழில்முனைவு. இந்த இரட்டை அளவுகோலை நகர நிர்வாகங்கள் கைவிட்டாக வேண்டும்.

‘கூட்டாளி’ என்னும் பெயரில்

நிறுவனங்கள் தம் தொழிலாளரைத் தொழிலாளர் என்று அழைப்பதில்லை, ‘கூட்டாளி’ என்கின்றன. இலாபத்தில் பங்கில்லாத, விலையை நிர்ணயிக்க முடியாத, கணக்கு முடக்கப்பட்டால் காரணம் கேட்கவும் வழியில்லாத விந்தையான கூட்டாளி. 2023 ஏப்ரலில் பிளிங்கிட் ஒரு பொட்டலத்திற்கான அடிப்படைக் கூலியை 25 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைத்து, மீதியைத் தொலைவோடு பிணைத்தபோது, தில்லியிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் தொழிலாளர் பல நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏராளமான கிடங்குகள் மூடிக் கிடந்தன. கூட்டாளியைக் கலந்துகொண்டு அந்தக் கூலிக் குறைப்பு முடிவு செய்யப்படவில்லை.

நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட ஆய்வு, 2020-21இல் 77 லட்சம் பேர் இத்தகைய வேலைகளில் இருந்ததாகவும், 2029-30இல் அவர்களின் எண்ணிக்கை 2.35 கோடியாகும் என்றும் மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய தொழிலாளர் பகுதிக்கு அரசு என்ன செய்தது? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் கிக் தொழிலாளர், பிளாட்ஃபார்ம் தொழிலாளர் என்ற சொற்கள் முதன்முறையாக இடம்பெற்றன என்று ஆட்சியாளர்கள் பெருமை பேசுகிறார்கள். நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தை நிதியத்திற்குச் செலுத்த வேண்டும்; அது தொழிலாளர்க்குத் தரும் தொகையில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதைத் தவிர குறைந்தபட்ச ஊதியம் இல்லை, வேலை நேர வரம்பு இல்லை, பேரம் பேசும் உரிமை இல்லை. முதலாளி, தொழிலாளி என்ற உறவையே அத்தொகுப்பு ஒப்புக்கொள்ளவில்லை. நலத்திட்டம் என்னும் மேலுறையின் கீழ், உரிமை மறுக்கப்படுவது சட்டமாகியுள்ளது.

வேறு நாடுகளில் இந்த மாயை கலைந்து வருகிறது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. ஸ்பெயின் அதே ஆண்டில் உணவு விநியோகத் தொழிலாளரை ஊழியராகக் கருதும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2023இல் ராஜஸ்தானும் 2025இல் கர்நாடகமும் பதிவுக்கும் நலநிதிக்கும் சட்டம் இயற்றியுள்ளன. முன்னோக்கிய அடிகள் என்ற அளவில் இவை வரவேற்கத் தக்கவை; ஆனால் தொழிலாளி என்ற தகுதியை இவையும் முழுமையாக அளிக்கவில்லை. சென்னை மாநகராட்சி 2025இல் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது. வெயிலில் நிற்பவருக்கு அது ஆறுதலே. ஆனால் ஓய்வறை கட்டுவது மக்களின் வரிப்பணம். ஓய்வுக்கு நேரம் தர மறுப்பது நிறுவனம்.

செய்ய வேண்டியவை

தொழில்நுட்பத்திற்கு நாம் எதிரிகள் அல்லர். நடக்க முடியாத முதியவருக்கும், கைக்குழந்தையுடன் இருக்கும் தாய்க்கும், இரவுப் பணி முடித்து வருபவருக்கும் வீட்டிற்கே பொருள் வருவது உண்மையான வசதி. அதைக் கேலி செய்வது சரியல்ல. அந்த வசதியை எவருடைய உயிரையும் பணயம் வைக்காமல், எவருடைய பிழைப்பையும் பறிக்காமல் வழங்க முடியும். பத்து நிமிடத்தில் வந்தாக வேண்டிய பொருள்கள் நம் வாழ்க்கையில் மிகச் சிலவே. மருந்து அவற்றில் ஒன்று. பிஸ்கெட்டும் சோப்பும் ஒரு மணி நேரம் கழித்து வந்தால் குடி முழுகிப் போகாது.

முதலாவதாக, செயலிவழித் தொழிலாளரைச் சட்டப்படி தொழிலாளர் என்று அறிவிக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் உட்படுத்திய குறைந்தபட்ச ஊதியம், விபத்துக் காப்பீடு, வைப்புநிதி, சங்க உரிமை ஆகியவை அதிலிருந்து தொடர வேண்டும். கூலியையும் தண்டனையையும் நிர்ணயிக்கும் செயலியின் விதிகளைத் தொழிலாளருக்கு வெளிப்படுத்துவது கட்டாயமாக்கப்பட வேண்டும். கணக்கு முடக்கம் வேலை நீக்கத்திற்குச் சமமாகக் கருதப்பட வேண்டும்.

இரண்டாவதாக, அடக்க விலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை அழிப்பதைத் தடுக்கும் விதிகள் காலவரம்போடு செயல்பட வேண்டும். விசாரணை முடிவதற்குள் கடை மூடிப்போனால் அந்தத் தீர்ப்பால் எவருக்கும் பயனில்லை. அந்நிய முதலீட்டு விதிகளைப் பங்குக் கணக்கின் தந்திரங்களால் தாண்டிச் செல்லும் வழிகள் அடைக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, குடியிருப்புப் பகுதியில் கிடங்கு திறக்க உள்ளாட்சியின் அனுமதியும், உள்ளே பணிபுரிவோருக்கும் வெளியே காத்திருப்போருக்கும் கழிப்பறை, குடிநீர், இருக்கை, வாகன நிறுத்தம் ஆகியவையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைபாதை வியாபாரிகளுக்குச் சான்றிதழும் இடமும் வழங்கப்பட வேண்டும்.

நான்காவதாக, தனியார் பெருநிறுவனங்களுக்கு மாற்று வேண்டும். பொது விநியோக முறையை வலுப்படுத்துவதும், கேரளத்தின் சப்ளைகோ போன்ற பொதுத்துறை விற்பனை அமைப்புகளுக்கும் நுகர்வோர் கூட்டுறவுகளுக்கும் போதிய நிதி அளிப்பதும் அந்த மாற்றின் அடித்தளம். வீட்டுக்குப் பொருள் அனுப்பும் தொழில்நுட்பம் சிறு கடைகளின் கூட்டுறவுக்கும் கைவர வேண்டும்.

இவை எவையும் அரசாங்கத்தின் நல்லெண்ணத்தால் வந்துவிடா. இன்று மளிகைக் கடைக்காரர், கிடங்கு வாசலில் நிற்கும் இளைஞரைத் தன் பிழைப்பைக் கெடுக்க வந்தவராகப் பார்க்கிறார். அந்த இளைஞரோ, பல வேளைகளில், அதே போன்ற ஒரு சிறு கடைக்காரரின் மகன். அந்தக் கடை நொடித்த பிறகு வண்டியை எடுத்தவர். இருவருடைய இழப்பும் ஒரே இடத்தில் வரவாகிறது. இதை இருவருக்கும் எடுத்துச் சொல்வதும், வணிகர் சங்கங்களையும் தொழிற்சங்கங்களையும் நடைபாதை வியாபாரிகளின் அமைப்புகளையும் ஒரே மேடைக்குக் கொண்டுவருவதும் இடதுசாரி, ஜனநாயக சக்திகளின் உடனடிக் கடமை. 2012இல் வணிகரும் தொழிலாளரும் சேர்ந்து கடைகளையும் ஆலைகளையும் அடைத்தபோது அரசாங்கம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பைச் சந்திக்க வேண்டியதாயிற்று. டிசம்பர் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஒரு விளம்பர வாசகம் அகன்றது. இரு போராட்டங்களும் ஒன்றிணையும்போது அகலப்போவது வெறும் வாசகமாக இராது.